கோட்டைக் குளத்து ஆட்டுக்குட்டிச் சாமி

போன வாரம் கடைக்கு ஒரு மூட்டை வந்து இறங்கியது. எங்கள் முதலாளி ஏலத்துக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புகிற ஆள் இல்லை. ஓடாத கடிகாரமோ காது உடைந்த கோப்பையோ ஏதாவது ஒன்று கூடவே வரும். இந்தத் தடவை வந்தது திரைச்சீலை. கயிற்றை அவிழ்த்ததும் அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் ரொம்ப லேசாக லாவெண்டர் வாசனை.

"நல்ல சீமத் துணி தங்கச்சி. வெட்டிப் பாவாட தச்சுப் போட்டா தோட்டத்து ஆளுங்க அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க," என்றார் முதலாளி.

நான் துணியைப் புரட்டி ஓரத்தைப் பார்த்தேன். தையல் கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு கோணி, திருந்தி, மறுபடி கோணியிருந்தது. திருவிழாக் கூட்டத்தில் பெற்ற பிள்ளையைக்கூடத் தவற விடலாம். தையல்காரிக்குத் தன் கோணல் தையல் தெரியாமல் போகாது. அது என் தையல்தான். கோட்டை பங்களாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தைத்த முதல் திரைச்சீலை.

"இத எங்க எடுத்தீங்க மொதலாளி?"

"அந்தக் கொளத்துப் பக்கத்துக் கோட்ட இருந்திச்சே, அதுல மிச்சம் கெடந்த சாமானெல்லாம் ஏலம் போட்டாங்க. கூரய முந்தியே கழட்டிட்டாங்க."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தலைவலி என்று சொல்லிச் சமாளித்தேன். தையல்காரிகளுக்குத் தலைவலி வருவது சகஜம்தானே.

நீங்கள் அந்தக் கோட்டையைப் பார்த்திருக்கமாட்டீர்கள். பசறைப் பக்கத்து மலைமடிப்பு ஒன்றில், ஓடையை மறித்துக் கட்டிய குளத்தின் கரையில் அது நின்றது. கோப்பிக் காலத்துப் பணத்தில் கட்டியதாம். துரையின் பாட்டன்மார் சீமையில் எங்கோ ஓர் ஏரிக்கரைக் கோட்டையில் இருந்தவர்கள் என்றும், அதை நினைத்து ஏங்கித்தான் துரை இங்கே ஒன்று கட்டிக்கொண்டார் என்றும் சமையல்கார அப்பு சொல்வார். கருங்கல் சுவர், மூலைக்கொரு கோபுரம், கோபுரத்தில் பீரங்கி வைக்கிற மாதிரி ஓட்டைகள். அந்த ஓட்டைகளில் புறாக்கள் குடியிருந்தன. யார் படையெடுத்து வரப்போகிறார்கள் என்று துரை நினைத்தாரோ தெரியாது. எனக்குத் தெரிந்து அந்தக் கோட்டையின் மேல் படையெடுத்தது அட்டை மட்டும்தான்.

மழை விட்ட காலை நேரத்தில் குளத்துக்குள் இன்னொரு கோட்டை தலைகீழாகத் தெரியும். தைக்கிற அறை ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே ஊசியை விரலில் ஏற்றிக்கொண்ட நாட்கள் உண்டு. குளத்தில் இரண்டு அன்னங்கள் இருந்தன. கதையில் வருகிற அன்னம் தூது போகும். இந்த அன்னங்கள் விரட்டிக் கடித்தன. ஒரு தடவை என் முந்தானையைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. துரையின் மனைவி, துரைசானி, மேலே நின்று கைதட்டிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம் என்பதால், சேலை கிழிந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு அங்கே வேலை கிடைத்ததற்குக் காரணம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட தையலும், அரைகுறை இங்கிலீஷும். அப்பா பதுளைக் கடைவீதியில் தையல் மெஷின் வைத்திருந்தவர். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தகையாமல் இழுபறியாகக் கிடந்த பெண்ணைச் சும்மா வைத்திருப்பானேன் என்று அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை கடைசிவரை தகையவில்லை. அதைப் பற்றி எனக்கு இப்போது ஒரு குறையும் இல்லை.

தோட்டத்தைச் சொல்லாவிட்டால் கோட்டையைச் சொன்னதாகாது. வாசலிலிருந்து குளம் வரைக்கும் படிப்படியாக இறங்குகிற பூந்தோட்டம். ரோஜா, டேலியா, பந்து பந்தாக நீலப் பூக்கள், கரையோரத்தில் ஒல்லியாக உயர்ந்த சைப்பிரஸ் மரங்கள். மற்ற நாளில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலி ஆட்கள் யாரும் கேட்டைத் தாண்ட முடியாது. சித்திரை வருஷப் பிறப்புக்கு மறுநாள் மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். அதற்குப் பேர் தோட்டம் பார்க்கிற நாள்.

அன்றைக்குப் பெரிய கங்காணி தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் எண்ணி நிறுத்துகிற மாதிரியே கேட்டு வாசலில் வரிசை பிடிப்பார். இடப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும் என்பது துரை போட்ட ஒழுங்கு. ஆனால் கோபுரத்தைக் கண்டதும் நம் ஜனங்களின் கால்கள் தாமாக வலப்பக்கம் திரும்பிவிடும். "இது கோயிலா? இந்தப் பக்கம் வாங்கன்னு சொல்றேன்ல!" என்று கங்காணி தொண்டை கிழியக் கத்துவார். கூட்டம் பாட்டுக்கு வலம் வந்துகொண்டிருக்கும். கடைசியில் ஆளுக்கொரு பன். பூவைத் தொடக்கூடாது, எச்சில் துப்பக்கூடாது, சாமான் எதுவும் உள்ளே கொண்டுவரக்கூடாது.

அந்தச் சுற்றில், குளத்தோரத்து சைப்பிரஸ் மரத்தடியில், ஒரு வெள்ளைக் கல் இருந்தது. முழங்கால் உயரம்தான். கல்லின் தலையில் கால் மடக்கிப் படுத்திருக்கிற மாதிரி ஒரு ஆட்டுக்குட்டி செதுக்கியிருக்கும். கீழே இங்கிலீஷில் ஒரு பேர்: எமிலி. துரைசானியின் ஒரே பிள்ளை. நடை பழகுகிற வயதில் காய்ச்சலில் போய்விட்டது. தொலைவில் கொண்டுபோய் வைக்க மனம் வராமல், ஜன்னலைத் திறந்தால் தெரிகிற இடத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். இது நான் வேலைக்குப் போவதற்கு முன்னால் நடந்தது. பங்களாவுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும். நோய் விழுந்து கோப்பிச் செடிகள் செத்தபோது பழைய லயத்து ஆட்கள் கலைந்து போய்விட்டார்கள். தேயிலைக்கென்று புதிதாக வந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

துரைசானி தினமும் காலையில் தன் கையாலேயே பூப் பறித்துக்கொண்டு போய் அங்கே வைப்பார். கண்ணை மூடித் தலை குனிந்து கொஞ்ச நேரம் நிற்பார். அவர் கழுத்தில் நகத்தளவு ஒரு தங்கச் சிமிழ் தொங்கும். ஒருநாள் சட்டைக்குக் கழுத்து அளவெடுக்கும்போது அது திறந்துகொண்டது. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சுருள் முடி, தேன் நிறத்தில். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். மெதுவாக மூடிக்கொண்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கம்மா எனக்குப் பழக்கமானது ஒரு ரவிக்கையால். ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து துரையின் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், கொழுந்து பறிக்கிறவள். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவள், கேட்டுக்கு வெளியே இருந்த என் அறை வாசலிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்து, பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். இடுப்பில் பேச்சி என்கிற பெண் குழந்தை இருக்கும். அந்தக் குழந்தையின் தலையைப் பார்க்க வேண்டுமே! பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி தோளுக்குக் கீழே சடைபிடித்துத் தொங்கியது. எண்ணெய் நிற்காது, சீப்பு இறங்காது, பேனுக்குக் குறைவில்லை.

"ஏன்டி இப்படி வச்சிருக்க? முடி எறக்கித் தொலைய வேண்டியதுதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நேத்திக்கடன்க்கா. சாமி எடத்துலதான் எறக்கணும்."

"எந்தச் சாமி?"

"என்னக்கா தெரியாத மாதிரி கேக்குறீங்க? தெனம் அது பக்கத்துலதான இருக்கீங்க. கொளத்தோரம் ஆட்டுக்குட்டி வாகனத்துல இருக்கே, அந்தச் சாமி."

ஊசி விரலில் ஆழமாகவே இறங்கிவிட்டது.

அவள் சொன்னதைக் கேளுங்கள். முதல் இரண்டு பிள்ளைகளும் பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்டன. பேச்சி வயிற்றில் இருந்தபோது தோட்டம் பார்க்கிற நாளில் உள்ளே வந்திருக்கிறாள். அன்று துரைசானிக்கு மனது என்னவோ போலிருந்ததோ, கூட்டம் இருக்கும்போதே அந்தக் கல்லின் முன்னால் வந்து பூ வைத்துக் கண்ணை மூடி நின்றிருக்கிறார். அங்கம்மா பார்த்திருக்கிறாள்.

"சேரில உக்காந்து எல்லாரையும் ஆட்டி வக்கிற துரைசானியே தல குனிஞ்சு நிக்கிறாங்கன்னா, அது எவ்வளவு துடியான சாமியா இருக்கணும்! அந்த எடத்துலயே வேண்டிக்கிட்டேன்க்கா. இந்தப் புள்ள தங்குச்சுன்னா மூணு வயசுல இங்க வந்து முடி எறக்குறேன்னு. தங்கிருச்சு பாருங்க."

பேச்சி என் நூல்கண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். தங்கித்தான் இருந்தாள், கொழுகொழுவென்று.

நான் என்ன சொல்வது? அங்கே சாமி இல்லை, ஒரு செத்த குழந்தை இருக்கிறது, நீ பிள்ளைவரம் கேட்டது அதனிடம்தான் என்று, இரண்டைப் பறிகொடுத்தவளிடம் எந்த வாயால் சொல்வது? அன்று ராத்திரியே பேச்சிக்கு ஒரு தும்மல் வந்தால்கூட அவள் உயிர் போய்விடும். சொல்லவில்லை. அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. துரைக்கு உடம்பு சரியில்லை, கோட்டையையும் தோட்டத்தையும் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டுச் சீமைக்கே போகிறார்கள் என்று செய்தி வந்தது. வரப்போகிற சித்திரையோடு தோட்டம் பார்க்கிற நாளும் முடிந்துவிடும். அங்கம்மா ஓட்டமாக ஓடி வந்தாள்.

"அக்கா, துரைசானிகிட்ட ஒரே ஒரு வார்த்த கேளுங்க. ஓரமா ஒக்காந்து முடி எறக்கிட்டுப் போயிர்றோம். இந்த வருசம் விட்டா புதுத் தொர கேட்டத் தொறப்பாரோ என்னமோ. சொன்ன சொல்லக் காப்பாத்தலன்னா, குடுத்தத சாமியே எடுத்துக்கிடும்க்கா."

அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "சரி சரி, பாத்துக்கலாம்" என்றேன்.

நம் ஆட்கள் 'பாத்துக்கலாம்' என்று எதற்குச் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அங்கம்மா மட்டும் அதை முழு உத்தரவாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் கேட்கத்தான் பார்த்தேன். ஒருநாள் துரைசானி முன்னால் போய் நின்று, வாயைத் திறந்து, பொத்தான் வெள்ளையா கறுப்பா என்று கேட்டுவிட்டு வந்தேன். இன்னொரு நாள் லேஸ் பற்றிக் கேட்டேன். உங்கள் குழந்தையின் கல்லறைக்கு முன்னால் மொட்டையடிக்கலாமா என்று இங்கிலீஷில் எப்படிக் கேட்பது? மிஷன் பள்ளிக்கூடத்தில் அதற்கெல்லாம் பாடம் இல்லை.

அந்த நாளும் வந்தது. கூட்டம் வழக்கம்போல வலம் வந்தது, கங்காணி வழக்கம்போலக் கத்தினார். துரைசானி மேல் படிக்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு, அங்கம்மா வராமலே இருந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டுக்குட்டியையும் சேர்த்துத்தான்.

திடீரென்று குளத்தோரத்திலிருந்து ஒரு குழந்தை வீறிட்டது.

துரைசானியின் முகம் வெளுத்துவிட்டது. அந்த மரத்தடியிலிருந்து குழந்தை அழுகிற சத்தம் என்றால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. நான் குடையோடு பின்னால் ஓடினேன்.

மரத்தடியில் அங்கம்மாவின் தம்பி மாரிமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். தாய்மாமன் மடியில் பேச்சி, பக்கத்தில் கைகூப்பியபடி அங்கம்மா. லயத்து நாவிதர் குளத்துத் தண்ணீரால் முடியை நனைத்து முன்பாதியை இறக்கியிருந்தார். வெட்டிய சடை வாழையிலையில் கிடந்தது. ஆட்டுக்குட்டியின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும். கல்லின் கழுத்தில் கதம்பம். மடியில் மறைத்துக் கொண்டுவந்த தேங்காய் பக்கத்தில். துரைசானியைக் கண்டதும் நாவிதரின் கை அப்படியே நின்றுவிட்டது. பாதித் தலையோடு பேச்சியும் அழுகையை நிறுத்திவிட்டாள். தூரத்தில் துரை கைத்தடியோடு இறங்கி வருவது தெரிந்தது.

துரைசானி கல்லையே பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார், இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று.

என் இங்கிலீஷ் முழுவதும் எங்கோ ஓடிவிட்டது. மிச்சம் இருந்ததை வைத்துச் சொன்னேன். "இவளுக்கு இரண்டு குழந்தைகள் செத்துப்போயின அம்மா. இது பிழைத்துக்கொண்டது. அதற்காக இந்தப் பிள்ளையின் முதல் முடியைக் கொடுக்க வந்திருக்கிறாள்."

"யாருக்கு?"

"இங்கே இருக்கிறவர்களுக்கு."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. வாயில் வந்தது. பொய்யும் இல்லை பாருங்கள்.

துரைசானியின் கை கழுத்துச் சிமிழுக்குப் போயிற்று. அதை விரல்களுக்குள் மூடிக்கொண்டார். அங்கம்மா கும்பிட்ட கையை இறக்கவில்லை. "அம்மா, கோவிச்சுக்காதீங்க தாயே" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

பிறகு அவர் ஈரப் புல்லில் மண்டியிட்டார். ஒரு வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு நான் ஓரம் அடித்த பட்டுப் பாவாடை. சேற்றில் அது நனைவதைப் பார்த்து, இந்தக் கறையை எப்படி வெளுப்பது என்று கணக்குப் போட்டேன், அந்த நேரத்திலும். கையுறையைக் கழற்றிவிட்டு, பேச்சியின் மழித்த பாதித் தலையில் உள்ளங்கையை வைத்தார். நாவிதரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தையில் ஒன்றை எடுத்துச் சொன்னார்.

"மெல்லம்... மெல்லம்."

துரை கிட்டே வந்ததும் அவரைக் கையால் தடுத்தார். முடி முழுவதும் இறங்கும்வரை அங்கேயே இருந்தார். வாழையிலையோடு அந்தச் சடையைக் கல்லின் காலடியில் புதைத்தபோது, அவரும் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார். அங்கம்மா தேங்காயை உடைத்தாள். அந்தச் சத்தத்துக்குத் துரைசானியின் உடம்பு தூக்கிப்போட்டது.

சாயங்காலம் தைக்கிற அறைக்கு வந்தார். இங்கிலீஷில்தான் பேசினார், எனக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாகப் பேசினார். இங்கிருந்து போவதில் எனக்கு வேறெதற்கும் வருத்தமில்லை, எமிலியைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறேனே என்பதுதான் தூங்கவிடவில்லை என்றார். கல்லைப் பார்த்துக்கொள்ளும்படி பெரிய கங்காணியிடம் சொன்னாராம். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மாதிரி இதற்கும் ஆட்டினாராம்.

"அந்தப் பெண் இனியும் வருவாளா?" என்று கேட்டார்.

"வருவாள் அம்மா. வருஷா வருஷம் வருவாள்."

என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். தையல்காரியின் தோளில் துரைசானி அழுவது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. நானும் சேர்ந்து அழுதேன்.

அவர்கள் போனார்கள். கம்பெனிக்காரர்களுக்குப் பூவில் அக்கறை இல்லை. கேட்டுக்கு ஒரு காவல்காரன்கூட வைக்காததால், போக வர ஒரு தடையும் இல்லாமல் போயிற்று. நான் பதுளைக்கு வந்து கடையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கம்மா மட்டும் ஒவ்வொரு சித்திரையிலும் பூவோடு போய்க்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். யாரோ ஒரு சூலம் நட்டார்கள். வாகனம் ஆட்டுக்குட்டி என்பதால் அந்தச் சாமிக்குக் கிடாய் வெட்டக்கூடாது என்று அங்கம்மாவே சட்டம் போட்டாள்.

மூட்டை வந்த இரண்டாம் நாள் பேச்சி கடைக்கு வந்தாள். இப்போது அவள் ஸ்பிரிங்வெளியில் இருக்கிறாள். இடுப்பில் ஆண் குழந்தை, அதன் தலை நிறைய முடி.

"இவனுக்கு ஆட்டுக்குட்டிச் சாமிகிட்ட முடி எறக்கணும் பெரியம்மா. அம்மா மாசியில போயிட்டா. இருந்தா அவளே முன்ன நின்னு செஞ்சிருப்பா. நீங்க வந்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

மோட்டார் பஸ்ஸில் போனோம், அவளும், குழந்தைக்குத் தாய்மாமனாக அவள் தம்பியும், ஒரு நாவிதரும், நானும். இறங்கி நடக்கையில் எனக்கு வழி பிடிபடவில்லை. கோபுரம் தெரிய வேண்டிய இடத்தில் வானம் தெரிந்தது. கூரையும் இல்லை, ஜன்னலும் இல்லை. நான் உட்கார்ந்து தைத்த அறைக்குள் ஒரு பப்பாசி மரம் நின்றது. வெள்ளத்தில் கரை உடைந்து குளம் வடிந்துபோய், அந்த இடத்தில் யாரோ கீரைப்பாத்தி போட்டிருந்தார்கள். ரோஜாப் படிகளின் மேல் வரிசை வரிசையாகத் தேயிலை.

மரமும் இல்லை. கல் இருந்தது. மஞ்சளும் எண்ணெயும் ஏறி ஏறி ஆட்டுக்குட்டி ஒரு மொழுக்கட்டையாகியிருந்தது. பூசைக்கு முன்னால் கழுவ வேண்டும் என்று பேச்சி தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கீழே எழுத்து எழும்பியது.

"பெரியம்மா, இதென்ன எழுத்து? அம்மா சொன்னதே இல்லயே. சாமி பேரா?"

அங்கம்மாவிடம் சொல்லாததை இவளிடமும் சொல்லாமல் வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பேரை வாசிக்கத் தெரிந்து, அது யாருடையது என்றும் தெரிந்த ஆள் இந்த ஊவா மாகாணத்திலேயே இனி நான் ஒருத்திதான் என்று தோன்றியது. நானும் போய்விட்டால்?

"எமிலின்னு எழுதியிருக்கு. இங்க இருந்த துரைசானியோட புள்ள. ஒன் மகன் வயசுதான் இருக்கும். அதத்தான் இங்க வச்சிருக்காங்க."

பேச்சியின் கை நின்றுவிட்டது. அவள் தம்பி வாயைப் பிளந்தான். எழுந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் ஆட்டுக்குட்டியின் ஈர முகத்தைத் துடைத்துவிட்டாள், தன் மகனுக்குத் துடைக்கிற மாதிரியே. மகனுக்கு முடி இறக்கி முடிந்தது. நாவிதர் தேங்காயை எடுத்து நீட்டினார். பேச்சி வாங்கவில்லை.

"தேங்கா ஒடைக்க வேணாம்ணே," என்றாள். "புள்ள பயந்துக்கும்."

சங்கில் குழந்தைக்கென்று கொண்டுவந்த பாலில் பாதியைக் கல்லின் காலடியில் ஊற்றினாள். தேங்காயை என் பைக்குள் போட்டாள். அது இப்போது தையல் மேசையில், இன்னும் வெட்டாத திரைச்சீலையின் மேல் இருக்கிறது.